வண்டியின் மூச்சு

தீ எரியக் காற்று வேண்டும் என்பதை அறிவியல் நூல்கள் எடுத்துரைக்கும் முன்பே அடுப்பூதிய தாய்மார் அறிந்திருந்தனர். கொல்லன் அவ்வறிவைத் துருத்தியாக்கிப் பயன் கொண்டான். இன்று நம் வாயிலில் நிற்கும் மோட்டார் வண்டியும் ஓர் உலைதான். அவ்வுலை எவ்வளவு வலிமையோடு எரியும் என்பதைத் தீர்மானிப்பது பெட்ரோல் தொட்டியின் அளவன்று. சிலிண்டருக்குள் ஒவ்வொரு மூச்சிலும் புகும் காற்றின் அளவே. அந்த மூச்சைப் பற்றி எங்கள் இல்லத்தில் சென்ற கோடையில் எழுந்த ஒரு வினாவும், அதற்கு நாங்கள் விடை கண்ட முறையுமே இக்கட்டுரையின் பொருள். இலக்கிய மலரில் இயந்திரத்துக்கு என்ன இடம் என்று அன்பர்கள் வினவக்கூடும். எது தேவை, எது விருப்பம் என்று பிரித்தறியும் முயற்சிக்கு எந்த மலரிலும் இடம் உண்டு என்று நம்பியே எழுதத் துணிந்தோம்.

எங்கள் வண்டி டர்போ பொருத்தப்பட்டது. அதன் இயல்பைச் சுருங்கக் கூறிவிடுவது நல்லது. எஞ்சினிலிருந்து வெளியேறும் கழிவுப் புகை வீணே காற்றில் கலப்பதற்கு முன் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, நெருக்கி, எஞ்சினுக்குள் தள்ளுகிறது. கழிவைக் கொண்டே வலிமை கூட்டும் இக்கருத்துக்குச் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905ஆம் ஆண்டிலேயே உரிமம் பெற்றார். 1918ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் சான்ஃபோர்டு மாஸ் ஒரு விமான எஞ்சினை 14,000 அடிக்கு மேல் உயர்ந்த பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்கு ஏற்றிச் சென்று சோதித்தார். காற்று மெலிந்த அவ்வுயரத்தில் சோர்ந்துபோன எஞ்சின், டர்போவைச் சேர்த்ததும் கடல்மட்டத்தில் தந்த வலிமையை மீண்டும் தந்தது. மேட்டு நிலத்தில் வாழ்வோருக்கு இக்கருவி ஒரு வரம் என்பது அன்றே நிலைபெற்றுவிட்டது.

ஆயினும் அந்த வரத்துடன் ஒரு தொல்லையும் வந்தது. மிதிவண்டிக்குக் காற்றடித்த எவரும் பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பர். நெருக்கப்படும் காற்று சூடேறும். சூடேறிய காற்று விரியும். விரிந்த காற்றில் உயிர்வளி குறையும். நெருக்கிப் பெற்ற பயனில் ஒரு பகுதி இவ்வாறு கைநழுவுகிறது. அதனினும் கொடியது, சூடான காற்றோடு கலந்த பெட்ரோல் உரிய நேரத்துக்கு முன்பே பற்றிக்கொண்டு எஞ்சினைத் தட்டத் தொடங்குவது. இக்கால வண்டியின் கணிப்பொறி அதை உணர்ந்து தீப்பொறியைத் தாமதப்படுத்தும். எஞ்சின் பிழைத்துக்கொள்ளும், இழுவை குறைந்துவிடும். 1962இல் டர்போவுடன் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்னும் அமெரிக்கக் கார், இத்தொல்லையைத் தவிர்க்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த நீர்மத்தை எஞ்சினுக்குள் தெளித்தது. அந்நீர்மத்தை மறவாமல் நிரப்பி வருவது உரிமையாளர்களுக்குப் பெருஞ்சுமையாயிற்று. பின்னர் நிலைபெற்ற வழி எளியது. டர்போவுக்கும் எஞ்சினுக்கும் இடையில், ரேடியேட்டரைப் போன்ற ஒரு தகட்டுக் கூட்டை வைத்து, சூடான காற்றை அதன் வழியே செலுத்தி, எதிர்க்காற்றால் ஆற்றி அனுப்புவது. பட்டறைகளில் இண்டர்கூலர் என்று வழங்கும் அதனை இடைக்குளிர்விப்பான் என்று தமிழில் கூறலாம்.

எங்கள் வண்டி 14 ஆண்டுகள் ஓடியது, பிறரிடமிருந்து விலைக்கு வாங்கியது, 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் உடையது. அதன் இடைக்குளிர்விப்பான் முன் சக்கரத்தை ஒட்டிய மூலையில், ஒரு பெரிய அகராதியின் அளவில் ஒடுங்கிக் கிடக்கிறது. அதை அகற்றிவிட்டு, முன்பக்கம் முழுவதும் பரந்து நிற்கும் பெரியதொன்றைப் பொருத்த வேண்டும் என்பது எங்கள் மூத்த மகனின் விருப்பம். விலையும் கூலியும் சேர்ந்து 60,000 ரூபாய். அது அவன் வேலையில் சேர்ந்த முதல் ஆண்டில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். பெற்றோரிடம் அவன் கேட்டது பணமன்று, இசைவு. பணத்தை மறுப்பது எளிது. தன் உழைப்பில் ஈட்டியதைத் தான் விரும்பியபடி செலவிட ஒருவன் இசைவு கேட்கும்போது, காரணம் காட்டாமல் மறுப்பது அவனைச் சிறுமைப்படுத்துவதாகும். காரணம் ஆராயாமல் இசைவதோ அவன் கேட்டதையே பொருட்படுத்தாததாகும்.

அவன் விருப்பம் வெறும் வேகப் பித்தும் அன்று. எங்கள் உறவினர் சேலத்தில் வாழ்கின்றனர். ஆண்டுக்கு ஐந்தாறு முறையேனும் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சென்று திரும்புகிறோம். இடையில் இருப்பது தொப்பூர்க் கணவாய். போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். ஏற்றத்தில் சுமைலாரிகள் ஊர்ந்து செல்லும். அவற்றின் பின்னாலிருந்து விலகி வேகத்தடத்துக்கு மாறும்போது, பின்னால் விரைந்து வரும் பேருந்துக்கு ஈடாக வண்டி எழும்ப வேண்டும். சென்ற சித்திரையில் இரண்டு முறை அது எழும்பவில்லை. மிதித்த மிதிக்கு முனகிவிட்டுத் தயங்கியது. "இது ஆடம்பரச் செலவு என்று சொல்லாதீர்கள், லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் வண்டி தயங்கினால் உயிர் யாருடையது?" என்று மகனுக்கு முதலில் பரிந்து பேசியது வீட்டுத்தலைவிதான். ஆகவே வினா எங்கள் அனைவருக்கும் உரியதாயிற்று.

பெங்களூரில் வாழ்வோருக்கு இவ்வினாவில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. நம் நகரம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. சென்னையில் இருக்கும் காற்றழுத்தத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இங்கே குறைவு. டர்போ இல்லாத வண்டி இக்குறையைப் பொறுத்துக்கொண்டு சற்று மெலிந்தே ஓடும். டர்போ வண்டி மிகுதியாகச் சுழன்று குறையை ஈடுசெய்யும். அவ்வீட்டுக்கு அது கொடுக்கும் விலை வெப்பம். நாங்கள் தாளும் எழுதுகோலும் எடுத்துக் கணக்கிட்டுப் பார்த்தோம். எஞ்சினுக்குக் கடல்மட்ட அழுத்தத்தைப்போல் 1.8 மடங்கு வேண்டும் என்று கொள்வோம். சென்னையில் டர்போ காற்றை 1.8 மடங்கு நெருக்கினால் போதும். பெங்களூரில் 2 மடங்கு நெருக்க வேண்டும். டர்போவின் செயல்திறன் நூற்றுக்கு 70 எனக் கொண்டால், 36 டிகிரி வெயிலில் சென்னையில் புறப்படும் காற்று டர்போவை விட்டு வெளிவரும்போது ஏறத்தாழ 117 டிகிரி. 28 டிகிரியில் பெங்களூரில் புறப்படும் காற்று ஏறத்தாழ 122 டிகிரி. நம் ஊரின் இதமான தட்பவெப்பம் டர்போவுக்கு உதவும் என்று நாம் நினைத்திருப்போம். குளிர்ச்சியால் கிடைத்த ஆதாயத்தை உயரம் எடுத்துக்கொண்டு விடுகிறது.

இனி, பெரிய குளிர்விப்பானால் கிடைக்கும் பயன் எவ்வளவு? பழையது, டர்போ ஏற்றிய வெப்பத்தில் நூற்றுக்கு 70 பங்கை நீக்குகிறது என்று கொண்டால், எஞ்சினுக்குள் புகும் காற்று 56 டிகிரி இருக்கும். பெரியது 85 பங்கை நீக்கினால் 42 டிகிரி. 14 டிகிரி வேறுபாடு பெரிதாகவே தோன்றும். ஆனால் காற்றின் அடர்த்தியில் அது தரும் கூடுதல் நூற்றுக்கு நான்கைந்துதான். தீப்பொறி தாமதப்படாமல் இருப்பதால் இன்னும் சிறிது கிடைக்கலாம். ஆயினும் தொப்பூரில் நாங்கள் கண்ட தயக்கம் நூற்றுக்கு நான்கைந்து குறைவால் நேரும் தயக்கம் அன்று. வண்டி முழுவதுமாக மூச்சுத் திணறியது. ஆகவே நோய் வேறு, கேட்கும் மருந்து வேறு என்ற ஐயம் அந்தத் தாளில்தான் முதன்முதலில் எழுந்தது.

மகன் அந்தக் கணக்கை மறுக்கவில்லை. கணக்கில் வராத ஒன்றைச் சுட்டினான். சில்க் போர்டு சந்திப்பில் இருபது நிமிடம் நிற்கும் வண்டியில், குளிர்விப்பானே எஞ்சினின் அனலில் சூடேறிவிடுகிறது. பிறகு அது காற்றைக் குளிர்விப்பது எப்படி என்றான். நல்ல வினா. ஆனால் நிற்கும் வண்டிக்கு எதிர்க்காற்று இல்லை. எதிர்க்காற்று இல்லாத இடத்தில் பெரியதும் சிறியதும் ஒன்றே. மேலும், பெரியது முன்பக்கம் முழுவதையும் மறைத்து நிற்கும். அதன் பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்கும் குளிர்சாதனத்துக்கும் செல்ல வேண்டிய காற்றில் ஒரு பங்கைத் தானே எடுத்துக்கொள்ளும். நாளின் பெரும்பகுதி ஊர்ந்து செல்லும் நகரத்து வண்டிக்கு அது ஒரு புதிய சுமை. இவ்வாறு இருபுறமும் நியாயம் இருந்தபடியால், பேச்சை நிறுத்திவிட்டு அளந்து பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

வண்டியின் கணிப்பொறி, எஞ்சினுக்குள் புகும் காற்றின் வெப்பத்தை ஒவ்வொரு நொடியும் அறிந்துகொண்டே இருக்கிறது. அதைக் கைப்பேசியில் காட்டும் ஓ.பி.டி. கருவி சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. மகன் வண்டியோட்ட, கல்லூரியில் பயிலும் மகள் அருகில் அமர்ந்து குறிப்பேட்டில் எண்களை எழுதி வந்தாள். சில்க் போர்டில் நின்றபோது வெளியே 28, உள்ளே 52. அதைக் கடந்து எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறிய சில நிமிடங்களில் உள்ளே 36 ஆகிவிட்டது. நெரிசலில் ஏறிய வெப்பம் ஓட்டத்தில் தானே தணிந்தது. ஆனால் சேலத்திலிருந்து திரும்பும் வழியில், தொப்பூர் ஏற்றத்தில், வெளியே 36 இருக்க, உள்ளே 71 என்று காட்டியது. 35 டிகிரி வேறுபாடு மிகுதி. அந்த எண்ணைக் கண்டதும் மகன் எங்களைத் திரும்பிப் பார்த்தான். வென்றவன் பார்வை அது.

குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு ஜெ.சி. சாலைக்குச் சென்றோம். பெங்களூரில் வண்டி வைத்திருப்போர் அனைவரும் ஒருநாளேனும் மிதித்த தெரு அது. பேரிங்கும் பிரேக்கும் கண்ணாடியும் விளக்குமாக இருபுறமும் உதிரிப்பாகக் கடைகள். அவற்றை ஒட்டிய ஒரு சந்தில், வட ஆர்க்காட்டிலிருந்து இளமையிலேயே வந்து இங்கேயே முதியவராகிவிட்ட மேஸ்திரி ஒருவரின் பட்டறை இருக்கிறது. எண்களை அவர் பார்த்தார், வண்டியின் கீழே படுத்துப் பார்த்தார், எழுந்து வந்து, "தம்பி, பெரிய கூலர் போடலாம், நல்லாத்தான் இருக்கும். ஆனா ஓட்டைக் குடத்துக்குப் பதிலா பெரிய ஓட்டைக் குடம் வாங்கின கதையா ஆயிடக் கூடாது இல்லியா? மொதல்ல காத்து எங்க போவுதுன்னு பாப்போம்" என்றார்.

காற்றுக் குழாய்களின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் அழுத்தம் கொடுத்து, இணைப்புகளில் சோப்பு நீர் தடவினார். டர்போவிலிருந்து குளிர்விப்பானுக்குச் செல்லும் ரப்பர் ஹோஸின் வளைவில் நுரை பொங்கியது. 14 ஆண்டு அனலில் வெந்த ரப்பர், கண்ணுக்குப் புலப்படாத வகையில் உள்மடிப்பில் வெடித்திருந்தது. எஞ்சின் மெல்ல ஓடும்போது அவ்வெடிப்பு மூடிக்கிடக்கும். ஏற்றத்தில் அழுத்தம் கூடியவுடன் வாய் திறக்கும். நெருக்கிய காற்று அவ்வழியே வெளியேற, குறையை ஈடுசெய்ய டர்போ மேலும் சுழல, மேலும் சுழன்றதால் காற்று மேலும் சூடேறியிருக்கிறது. சக்கரத்தருகே ஒடுங்கிக் கிடந்த குளிர்விப்பானைக் கழற்றியபோது, அதன் தகடுகளுக்கிடையே சேறும் இறந்த பூச்சிகளும் அடைத்திருந்தன. உட்புறம் எண்ணெய்ப் படலம் படிந்திருந்தது. பாதி மூக்கடைத்த ஒருவனை மலையேறச் சொல்லி, அவன் இளைக்கிறான் என்று வருந்தியது போன்றதே இது. ஹோஸையும் அதன் கிளாம்ப்புகளையும் புதிதாக மாற்றி, குளிர்விப்பானைக் கழுவிப் பொருத்தியதற்கு, கூலியோடு சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம் ஆயிற்று.

அடுத்த முறை சேலம் சென்று திரும்பினோம். அதே ஏற்றம், வெளியே அதே 36 டிகிரி. உள்ளே 55. லாரியின் பின்னாலிருந்து விலகியபோது வண்டி தயங்காமல் எழும்பியது. மகள் எண்ணை உரக்கப் படித்தாள். பெரிய குளிர்விப்பானைப் பொருத்தி, எஞ்சியிருக்கும் 19 டிகிரியில் பாதியைக் குறைத்தாலும், அடர்த்தியில் கூடுவது நூற்றுக்கு மூன்றளவே என்று மகனே கணக்கிட்டுக் கூறினான். அப்போது அவன் குரலில் தோல்வி இல்லை. வினா அவனுடையதாக இருந்தது. விடையும் அவனுடையதாகவே அமைந்தது.

சட்டத்தையும் நாங்கள் எண்ணிப் பார்த்தோம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்றும் மாறுபடும் வகையில் வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டு சனவரியில் உச்சநீதிமன்றமும் அப்பிரிவை விளக்கித் தீர்ப்பளித்தது. குளிர்விப்பானை மட்டும் மாற்றுவது அந்த எல்லைக்குள் வருமா என்பது வழக்கறிஞர் வாதிடத்தக்க பொருள். ஆனால் பெரிய குளிர்விப்பானைப் பொருத்துவோர் பெரும்பாலும் அத்துடன் நிற்பதில்லை. அடுத்து டர்போவின் அழுத்தத்தைக் கூட்டுவர். அதற்கேற்பக் கணிப்பொறியின் கணக்கைத் திருத்துவர். பின் கிளட்ச் தாங்காது, அதையும் மாற்றுவர். மாற்றத்தைத் தெரிவிக்காதவருக்கு விபத்து நேர்ந்தால் காப்பீட்டில் சிக்கல் எழும். எங்கள் வண்டிக்கோ அடுத்த ஆண்டு பதினைந்து நிறைகிறது. பதிவைப் புதுப்பிக்க அதிகாரிகள் முன் நிறுத்திச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் அச்சு முறியும் வண்டியை உவமையாக்கியது அரசர்க்கு மட்டும் உரியதன்று. ஓர் உறுப்பின் வலிமையைக் கூட்டுமுன், அதைத் தாங்க வேண்டிய மற்ற உறுப்புகளின் வலிமையையும் அளந்தறிவதே முறை.

இதனால் பெரிய இடைக்குளிர்விப்பான் வீண்பொருள் என்று கொள்ளலாகாது. 1990இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலோ, கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்தின் காரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ சுற்றுக்குப் பின் சுற்றாக முழுவிசையில் ஓடும் வண்டியை எண்ணிப் பாருங்கள். அங்கே டர்போவுக்கு ஓய்வே இல்லை. சிறிய குளிர்விப்பான் இரண்டு சுற்றில் சூடேறி, மூன்றாம் சுற்றிலிருந்து வலிமை சரியத் தொடங்கும்; பெரியது கடைசிச் சுற்று வரை ஒரே நிலையில் காக்கும். டர்போவின் அழுத்தத்தைக் கூட்டிய வண்டிக்கும் அது இன்றியமையாததே. நகரத்து வண்டியில் டர்போ முழுவிசையில் உழைப்பது நாளொன்றுக்குச் சில நிமிடங்களே. அவரவர் ஓட்டும் சாலையே இவ்வினாவுக்கு விடை கூறும். கடைக்காரர் கூறும் விடையும் நண்பர் கூறும் விடையும் அவரவர் சாலைக்கு உரியவை. முடிவெடுக்க விரும்பும் அன்பர்கள் முதலில் ஹோஸ்களையும் இணைப்புகளையும் சோதிக்கட்டும், தகடுகளைக் கழுவட்டும், பிறகு தாம் வழக்கமாகச் செல்லும் ஏற்றத்தில் வெளிவெப்பத்தையும் உள்வெப்பத்தையும் குறித்து ஒப்பிடட்டும். அப்போதும் வேறுபாடு மிகுந்து நின்றால், பணத்தைத் தயங்காமல் செலவிடலாம்.

மகன் தன் பணத்தில் பாதியைக் கொண்டு வண்டிக்கு நான்கு புதிய டயர்களும் முன் பிரேக்குகளுக்குப் புதிய பட்டைகளும் வாங்கினான். விபத்துகளுக்குப் பெயர்பெற்ற தொப்பூரில் ஏற்றத்தைப் பற்றியே இத்தனை நாள் பேசினோம், போகும் வழியில் இறக்கம் அன்றோ இருக்கிறது என்று அவனே கூறினான். மீதிப் பணம் அவன் கணக்கிலேயே உள்ளது. என்றேனும் ஒருநாள் செட்டிப்பாளையத்தில் வண்டியோட்ட வேண்டும் என்ற ஆவல் அவனுக்கு இருக்கிறது. அந்நாள் வந்தால், பெரிய குளிர்விப்பானை வாங்க அவன் எங்கள் இசைவை மீண்டும் கேட்க வேண்டியதில்லை என்று கூறிவிட்டோம். தருமபுரிச் சாலையின் எண்கள் நிறைந்த அந்தக் குறிப்பேடு, அதுவரை வண்டிக்குள்ளேயே இருக்கும்.